நான்கு துளைகளும் ஒரு மட்டம்: தச்சுத் தொழிற் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக்கூடங்களுக்கும் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற வாசகசாலைகளுக்கும் புத்தக அலமாரிகள் செய்து தருகின்ற தச்சுத் தொழிற் பெருமக்களுக்கு,

தச்சுத் தொழிலைப் பயிற்றுவிப்பதில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனும், ஓய்வு பெற்ற பின்னர்ப் பள்ளி நூலகங்களின் பழைய அலமாரிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பதையே தனக்கு உகந்த பணியாகக் கொண்டவனுமாகிய நான், உங்கள் முன்னிலையில் ஒரு விண்ணப்பத்தை வைக்க விரும்புகிறேன். அது 5 மி.மீ. விட்டமுள்ள துளையைப் பற்றியது. அலமாரியின் இரு பக்கப் பலகைகளிலும் மேலும் கீழுமாக வரிசையாய் அமைந்து, தட்டைத் தாங்கும் பின்களை ஏற்றுக்கொள்கின்ற அந்தத் துளைகள் ஒன்றோடொன்று பிசகாமல் ஒத்திருக்கும்பொருட்டு, ஒவ்வொரு பட்டறையிலும் அதற்கென்றே ஒரு ஜிக் (துளைகளுக்கு வழிகாட்டும் பலகை) செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

நம்மவர் செய்கின்ற அலமாரிகளில் மரத்துக்குக் குறைவில்லை, இணைப்புகளின் உறுதிக்குக் குறைவில்லை, மெருகுக்கும் குறைவில்லை. கதவைத் திறந்து, ஒரு தட்டை அது இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, அடுத்த மேல்வரிசைத் துளைகளில் பின்களை மாற்றி வைக்கும்போதுதான் குறை வெளிப்படுகிறது. மூன்று பின்களின் மேல் நன்றாக அமர்கின்ற தட்டு நான்காவதன் மேல் அமர மறுத்து, அந்த மூலையில் விரலை வைத்தால் தாழ்ந்து, விரலை எடுத்தால் எழுகிறது. நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியை என்ன செய்வார்? பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து, நான்காக மடித்து, அந்தப் பின்னுக்கும் தட்டுக்கும் இடையே செருகி ஒருவாறு சமன் செய்வார். சமன் செய்தபின் அந்தத் தட்டை மறுபடி அசைக்க அவருக்குத் துணிவு வராது. நகர்த்துவதற்கென்றே செய்யப்பட்ட தட்டு, இவ்விதமாக, நகராத தட்டாகிவிடுகிறது. அதன் விளைவாகச் சிறுவர் கதைப் புத்தகங்களின் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் வெறுமையாய்க் கிடக்க, தேசப்பட நூல்களும் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் நிற்பதற்கு உயரமின்றிப் படுக்கையாக அடுக்கப்பட்டு, அடியிலிருப்பதை உருவும்போதெல்லாம் முதுகு விரிந்து தையல் அறுந்துபோகின்றன. இத்தனை சேதத்துக்கும் மூலகாரணம், துளையிட்ட நாளில் நேர்ந்த ஒரு மில்லிமீட்டர் பிசகேயாகும்.

சீர்காழியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் இறுதி விதி, நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிராகக் கருதச் சொல்கிறது. வளர்கின்ற பொருளுக்கு வளராத கூடு பொருந்தாது. சென்ற தலைமுறையில் பெரும்பாலும் கிரவுன் அளவில் அச்சாகிவந்த தமிழ்ப் புத்தகங்கள் பின்னர் டெம்மி அளவுக்கு வளர்ந்தன. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களோ எந்த அளவுக்கும் அடங்குவதில்லை. ஆகவே தட்டு நகர வேண்டும் என்பதை அலமாரிக்குச் சேர்க்கும் ஓர் அலங்காரமாக எண்ணாமல், நூலகத்தின் உயிர்நாடியோடு சம்பந்தப்பட்ட ஒன்றாக நீங்கள் கொள்ள வேண்டும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கிரவுன் புத்தகத்தின் உயரம் ஏறத்தாழ 18 செ.மீ.; டெம்மி ஏறத்தாழ 21.5 செ.மீ.; ஏ-4 தாளளவுப் புத்தகம் 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தட்டின் கனம் 18 மி.மீ. என்றும், துளைக்குத் துளை 32 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், 7 இடைவெளிக்கு ஒரு தட்டாக அமைக்கும்போது நடுவில் 206 மி.மீ. கிடைக்கும், கிரவுன் புத்தகம் நின்று, அதை உருவுவதற்கு மேலே விரல் நுழையவும் இடம் இருக்கும். 8 இடைவெளிக்கு 238 மி.மீ. கிடைக்கும், அது டெம்மிக்குப் போதும். 10 இடைவெளியில் கிடைக்கும் 302 மி.மீ.யில் பெரிய புத்தகத்தின் தலைக்கு மேல் விரல் நுழைய இடமிராதாதலால் அதற்கு 11 வேண்டும். 1,600 மி.மீ. உள்ளுயரமுள்ள ஓர் அலமாரியில், எல்லாவற்றையும் பெரிய புத்தகத்துக்கென்று 352 மி.மீ.க்கு ஒன்றாக நிலையாய் அடித்துவிட்டால் 4 வரிசைகளே தேறும். கிரவுன் புத்தகங்களுக்கென்று 224 மி.மீ.க்கு ஒன்றாக மாற்ற முடிந்தால் அதே அலமாரியில் 7 வரிசைகள் அடங்கும். ஏழைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இந்த மூன்று வரிசைகள் எவ்வளவு பெரிய லாபம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, தட்டு ஏன் ஆடுகிறது என்பதைப் பார்ப்போம். முக்காலியை எத்தகைய மேடுபள்ளத்தில் வைத்தாலும் ஆடாமல் நிற்கும். நாற்காலியின் ஒரு கால் இம்மி குறைந்தாலும் ஆடும். மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு சமதளம் செல்லும் என்பதும், நான்காவது புள்ளி அந்தத் தளத்தில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதும் க்ஷேத்திர கணிதம். நான்கு துளை வரிசைகளையும் தனித்தனியே அளந்து, தனித்தனியே புள்ளியிட்டு, கைத் துரப்பணத்தால் தனித்தனியே துளைக்கும்போது, ஒவ்வொன்றிலும் தனக்கென்று ஒரு பிழை புகுந்துவிடுகிறது. பென்சில் முனையின் தடிப்பு ஒரு பிழை. கண் பார்க்கும் கோணம் ஒரு பிழை. சுழலத் தொடங்கும் பிட் மரத்தின் நாரைப் பற்றிக்கொண்டு வழுக்குவது இன்னொரு பிழை. கவராயத்தை 32 மி.மீ.க்குத் திறந்து புள்ளிக்குப் புள்ளி தாவிச் செல்கின்றவர்களோ இதைவிடப் பெரிய ஆபத்துக்கு ஆளாகிறார்கள். ஒரு தாவலுக்கு 0.2 மி.மீ. பிசகினாலும் நாற்பதாவது தாவலில் அது 8 மி.மீ. ஆகிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் ஊன்றிக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். தட்டு ஆடாமல் இருப்பதற்கு, முதல் துளைக்கும் இரண்டாம் துளைக்கும் இடையே உள்ள தூரம் சரியாக 32 மி.மீ. ஆக இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமே இல்லை. அது 31 ஆகவோ 33 ஆகவோ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் முன்னிடது, பின்னிடது, முன்வலது, பின்வலது ஆகிய நான்கு வரிசைகளிலும் அதே 31, அதே 33 இருக்க வேண்டும். சரியான அளவைக் காட்டிலும் சமமான அளவே இங்கு பிரதானம். சமத்துவத்தை அளந்து அளந்து அடைய முயல்வது வீண் சிரமம். ஒரே மூலத்திலிருந்து நான்கையும் பிறப்பித்துவிட்டால் அது தானே சித்தித்துவிடுகிறது. அந்த மூலப் பலகைதான் ஜிக்.

32 மி.மீ. என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனி முதலிய ஐரோப்பிய தேசங்களில் வீட்டுச் சாமான்களைப் பலகைகளாகத் தொழிற்சாலையில் விரைந்து உற்பத்தி செய்ய நேர்ந்தபோது, ஒரே சமயத்தில் பல துளைகளைப் போடும் யந்திரங்கள் வழக்கத்துக்கு வந்தன. அவற்றின் துரப்பணத் தண்டுகளைப் பற்சக்கரங்களால் சுழற்றியபடியால், தண்டுக்குத் தண்டு 32 மி.மீ.யைவிட நெருக்கமாக வைப்பது கடினமாயிருந்தது என்பார்கள். அதுவே பின்னர் பிரமாணமாகி, 5 மி.மீ. துளை, முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தூரம் என்பவற்றோடு சேர்ந்து உலகெங்கும் பரவிவிட்டது. இன்று நம் ஊர்க் கடைகளில் வாங்கும் கப் கீல்களின் அடித்தகட்டில் உள்ள இரண்டு திருகுத் துளைகளும் 32 மி.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. ஆகையால், வேறு அளவை வைத்துக்கொள்ள உங்களுக்கு முழு சுதந்திரம் உண்டெனினும், இந்த அளவை அனுசரித்தால் கதவின் கீல்களும் அதே துளைகளிற் பொருந்தும் சௌகரியம் கிடைக்கும்.

ஜிக் செய்வதற்கு 12 மி.மீ. கனமுள்ள நல்ல பிளைவுட்டோ, முடிச்சில்லாத பழந்தேக்குச் சட்டமோ போதுமானது. மரம் மழைக்காலத்தில் விரிவதெல்லாம் அகலவாக்கில்தான். நார்வாக்கில் அது நீள்வதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அலமாரிகள் ஓயாமல் செய்கிற பட்டறையானால் ஹைலம் தகட்டை வாங்குவது உத்தமம். அது தேய்வதும் வளைவதும் மிகக் குறைவு. அகலம் 10 செ.மீ. இருக்கட்டும். நீளத்தைப் பொறுத்தமட்டில், அலமாரியின் உள்ளுயரம் முழுவதையும் எட்டும் ஒரே ஜிக்கைத்தான் நான் சிபாரிசு செய்வேன். குட்டையான ஜிக் ஒன்றைச் செய்து, கடைசித் துளையில் ஒரு பின்னைச் செருகி, அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு மேலே நகர்த்தி நகர்த்தித் துளையிடும் முறையும் உண்டு. ஆனால் பின் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு சிறு பிசகு சேர்ந்து, நான்கு வரிசைகளிலும் அது நான்கு விதமாகப் போய்விடக்கூடும்.

ஜிக்கின் துளைகளைக் கைத் துரப்பணத்தால் போடலாகாது. பட்டறையில் பில்லர் டிரில்லிங் மெஷின் இல்லையெனில், பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டால் செய்து தருவார். துளை நெட்டாக இறங்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இடப்பக்கப் பலகைக்கு ஜிக்கின் ஒரு முகத்தையும், வலப்பக்கப் பலகைக்கு மறுமுகத்தையும் வைத்துத் துளையிடப் போகிறோம், 12 மி.மீ. கனத்தில் இரண்டு பாகை சாய்வு இருந்தால்கூட, ஒரு முகத்தில் இருக்கும் துளைக்கும் மறுமுகத்தில் இருக்கும் துளைக்கும் 0.4 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். துளைகளுக்குப் புள்ளியிடும்போது, எஃகு அளவுகோலை ஒரே முறை வைத்து, அதை அசைக்காமல், 32, 64, 96, 128 என்று ஒரே தொடக்கத்திலிருந்து எல்லாப் புள்ளிகளையும் குறித்துவிட வேண்டும். அதைவிடச் சிறந்த யுக்தி ஒன்றுண்டு: மெஷினின் மேடைமேல் ஒரு கழிவுப் பலகையையும், அதில் ஜிக்கின் விளிம்பு சாய்ந்துகொள்ள ஒரு ரீப்பரையும் பொருத்தி, பிட்டின் மையத்திலிருந்து 32 மி.மீ. தள்ளி ஓர் எஃகு முளையை நிறுத்தினால், போட்ட துளையை முளையில் மாட்டி அடுத்த துளை, அதை மாட்டி அதற்கடுத்தது என்று, அளக்காமலே வரிசை முழுவதும் வந்துவிடும். முளையின் தூரம் 32.1 ஆக இருந்தாலும் பாதகமில்லை. அந்தப் பிழை எல்லா இடைவெளிகளிலும் ஒன்றுபோல் இருக்கும்.

செய்து முடித்த ஜிக்கைப் பரீட்சித்த பின்னரே உபயோகிக்க வேண்டும். கழிவுப் பலகை ஒன்றில் அதை வைத்துத் துளைகளைப் போட்டு, பின்பு ஜிக்கைத் தலைகீழாகத் திருப்பி, முதல் துளையையும் கடைசித் துளையையும் பின்களால் மாட்டுங்கள். இடைப்பட்ட துளைகள் எல்லாவற்றிலும் பின் தடையின்றி இறங்கினால், எந்த முனையிலிருந்து எண்ணினாலும் இடைவெளிகள் ஒத்தவை. எங்கேயாவது முட்டினால் அந்த இடத்தைத் திருத்த முயலாமல், வேறு ஜிக் செய்வதே விவேகம்.

விளிம்புச் சட்டம் என்ற ஓர் அங்கத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஜிக்கின் ஒரு நீள விளிம்பில் 30 மி.மீ. அகலமுள்ள ரீப்பர் ஒன்றை, இருமுகங்களிலும் 9 மி.மீ. வீதம் துருத்திக்கொண்டிருக்குமாறு பசையிட்டுத் திருகிவிட்டால், எந்த முகத்தைக் கீழே வைத்தாலும் அது பலகையின் விளிம்பைத் தானே பற்றிக்கொள்ளும். துளைகளின் மையம் அவ்விளிம்பிலிருந்து 37 மி.மீ.யில் விழும். அடிப்பக்கத்திலும் அவ்வாறே ஒரு தடுப்பு வேண்டும். அந்த முனையில், இருமுகங்களிலும், ‘கீழ்’ என்று அழியாத வர்ணத்தால் எழுதிவையுங்கள். முதல் துளைக்கு அடிப்பக்கம் விட்ட தூரமும் கடைசித் துளைக்கு மேற்பக்கம் விட்ட தூரமும் ஒன்றாயிருப்பது அபூர்வம். ஆகையால் ஒரு பலகைக்கு நேராகவும் மறுபலகைக்குத் தலைகீழாகவும் வைத்துவிட்டால், ஜிக் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் அலமாரி கெட்டுவிடும். வலப்பக்கத்துக்குப் போகும்போது ஜிக்கைப் புரட்ட வேண்டுமேயன்றிச் சுழற்றலாகாது. முன்விளிம்பில் பிற்பாடு தேக்குப் பட்டி ஒட்டுவதாக இருந்தால், அதன் கனத்தையும் இப்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

துளையிடுவதற்கு உரிய காலம், அலமாரியைக் கூட்டுவதற்கு முன்பு, பக்கப் பலகைகள் மேசைமேல் மட்டமாகக் கிடக்கும்போதுதான். ஜிக்கைக் கிளாம்பால் இறுக்கி, அடிமுனைத் துளை ஒன்றைப் போட்டு அதில் ஒரு பின்னைச் செருகி, மேல்முனைத் துளையைப் போட்டு அதிலும் ஒன்றைச் செருகிய பிறகு இடையிலுள்ளவற்றைத் துளைத்தால், ஜிக் நகர்வதற்கு வழியே இருக்காது. சாதாரண உலோகவேலை பிட் மேற்பரப்பின் வெனீரையோ மைக்காவையோ பெயர்த்துவிடுமாதலால், நடுவில் கூர்முனையுள்ள மரவேலை பிட்டை உபயோகிக்க வேண்டும். 18 மி.மீ. பலகையில் 11 மி.மீ. ஆழம் போதும். 12 மி.மீ. ஜிக்கையும் சேர்த்து பிட் 23 மி.மீ. மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு, ஒரு மரத்துண்டில் துளையிட்டு அதை பிட்டின் மேல் உறையாக மாட்டிவிட்டால், பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் வந்துவிடும் விபத்து நேராது. துளைக்குத் துளை மரத்தூளை ஊதிவிடுங்கள். தூள் சேர்ந்தால் உறை ஜிக்கின் முகத்தை எட்டாமல், ஆழம் குறைந்துபோகும். வார்னிஷ் பூசிய பின் துளை இறுகியிருந்தால், அதே பிட்டைக் கையாலேயே ஒருமுறை திருப்பி எடுத்தால் சரியாகிவிடும். மிகுதியாக வேலை செய்கிற இடங்களில் ஜிக்கின் துளைகள் நாளடைவில் அகன்றுவிடும். அத்தகையோர் லேத்தில் கடைந்த எஃகு புஷ்களைத் துளைகளிற் பதித்துக்கொள்வது நலம்.

ஜிக் கிடைத்துவிட்டதென்று அடிமுதல் முடிவரை துளைத்துத் தள்ளுவதை நான் ஆதரிப்பதில்லை. எந்தத் தட்டும் போகாத இடத்தில் துளை அநாவசியம்; திறந்து கிடக்கும் துளைகளைக் குளவி மண் வைத்து அடைத்துவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடியில் ஒரு சாணும் மேலே ஒரு சாணும் விட்டுவிடலாம். ஆள் உயர அலமாரியானால் நடுத்தட்டு ஒன்றை நிலையாகவே இணைத்துவிட வேண்டும். இல்லாவிடில் பக்கப் பலகைகள் வெளியே பிதுங்கி, பின்கள் தட்டை விட்டு நழுவிவிடக்கூடும். தட்டின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகங்கள் மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ கனக்கும். புத்தகம் நிறைந்த தட்டின் நீளத்தை இருமடங்காக்கினால் அதன் நடுவிலுண்டாகும் தொய்வு பதினாறு மடங்காகிறது. ஆதலின் 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 75 செ.மீ.க்கு மேல் போகாதிருப்பதே நல்லது. போகத்தான் வேண்டுமென்றால் முன்விளிம்பின் அடியில் நெட்டுக்குத்தாக ஒரு சட்டத்தை ஒட்டிவிடுங்கள்.

கைத்திறன் உள்ளவனுக்கு ஜிக் எதற்கு என்று உங்களுள் மூத்தோர் சிலர் நினைக்கக்கூடும். அந்தத் திறனிடத்தில் எனக்குள்ள மதிப்பு அளவற்றது. ஆயினும் நம் முன்னோர், ஒரு கட்டடத்தை எழுப்பத் தொடங்குமுன், 24 விரல் அளவு கொண்ட முழக்கோல் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, தூணும் உத்தரமும் வாயில்நிலையும் ஆகிய யாவற்றையும் அந்த ஒரு கோலிலிருந்தே அளந்தார்கள். அவர்களுடைய திறன் அந்தக் கோலைச் செய்வதில் முதலிற் செலவாயிற்று. அதன்பின் கோலே அவர்களுடைய சிஷ்யர்களின் கையையும் நெறிப்படுத்திற்று. ஜிக்கும் அதே மரபைச் சேர்ந்த சாதனம். உங்கள் திறனை ஒரு பிற்பகல் முழுவதும் அதில் முதலீடு செய்தால், நேற்றுத்தான் பட்டறையிற் சேர்ந்த பையன் போடும் துளையும் உங்கள் துளையைப் போலவே இருக்கும். யந்திரத் தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்திறங்கும் அலமாரிகளோடு நம் பட்டறைகள் போட்டியிட வேண்டிய இக்காலத்தில், அவற்றின் தட்டு ஆடாமலிருக்க நம்முடைய தட்டு ஆடுவது எனக்குப் பெரிதும் வருத்தம் தருகிறது.

ஒரு பள்ளிக்கு இவ்வாண்டு ஓர் அலமாரியும் அடுத்த ஆண்டு மற்றொன்றும் செய்து தரும்போது, இரண்டின் தட்டுகளும் மாற்றி மாற்றிப் பொருந்தினால் அவர்களுக்கு எவ்வளவோ உபகாரம். அதற்காக, முதலில் செய்த ஜிக்கை வேலைக்கு எடுக்காமல் மூலப்படியாகப் பத்திரப்படுத்தி, அதன் வழியே துளையிட்டு எடுத்த பிரதியையே நாள்தோறும் உபயோகியுங்கள். பிரதி தேய்ந்தால் மீண்டும் மூலத்திலிருந்தே புதுப் பிரதி எடுக்க வேண்டும். பிரதிக்குப் பிரதி எடுக்கலாகாது. துளையின் விட்டம், இடைவெளி, விளிம்புத் தூரம் மூன்றையும் ஜிக்கின்மேலேயே எழுதி, அதற்குரிய பிட்டையும் ஆழ உறையையும் அதனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அலமாரியை ஒப்படைக்கும் நாளில், தட்டுகளை ஏற்றி இறக்குவது எப்படி என்பதை நூலகப் பொறுப்பாளருக்கும் இரண்டு மாணவர்களுக்கும் செய்தே காட்டுங்கள். தட்டு ஒன்றுக்கு 4 பின்கள் வீதம் மாட்டியது போக, உபரியாக ஒரு டஜன் பின்களைச் சிறு துணிப்பையிலிட்டு, கதவின் உட்புறம் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றாசிரியன்